கடைசி கரண்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது, பயம் இப்போதுதான் வருகிறது

தாமிரபரணிக்கரை
பிப்ரவரி 9, இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது, ஊர் திருநெல்வேலி. போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய், இரண்டாம் கட்டம். சிகிச்சை சென்னையில். மூன்று வாரத்துக்கு ஒன்றாக 4 கீமோ, அந்தச் சிவப்பு மருந்து. பிறகு வாரம் ஒன்றாக 12. அப்புறம் ஆபரேஷன். கடைசியாக 15 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு. இப்போது நோய் திரும்பி வராமலிருக்க தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை மட்டும்.

சிகிச்சை நடந்த நாளெல்லாம் நான் அழவில்லை. அழ நேரமும் இல்லை. நாள் குறிப்பது, ரத்தப் பரிசோதனை, ரயில், வாய்ப்புண், அடுத்த கீமோ என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாத்தனார் இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எதிர்வீட்டு அம்மா தினமும் கஞ்சியும் துவையலும் கொடுத்தனுப்பினார். கடைசி கரண்ட் அன்று என் கணவர் வார்டில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். ஊருக்கு வந்ததும் "எல்லாம் முடிந்தது, இனி மறந்துவிடு" என்றார்கள். கஞ்சி நின்றது. நாத்தனார் அவள் வீட்டுக்குப் போனாள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆனால் எனக்குத்தான் முடியவில்லை. இரண்டு நாளாக இடுப்பில் வலி. எலும்புக்குப் போய்விட்டதோ என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீயாக எரிந்து வியர்க்கிறது. இடது கை சாயங்காலமானால் கனக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இப்போதுதான் மனிதர் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? யாரிடம் பேசினீர்கள்?

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 10, காலை 5.40

தங்கச்சி, நான் 24 வருடம் கீமோ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் குழந்தைகள் என்னைக் கூப்பிட்ட பெயர்தான் மேலே இருப்பது.

நீ சொன்னது மாதிரி எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ உன் கையைப் பிடித்து நரம்பு பார்க்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி "உனக்கும் நாக்கு இரும்பு மாதிரி இருக்கா?" என்று கேட்கிறாள். கடைசி நாளோடு அது மொத்தமும் அறுந்துபோகிறது. அடுத்து மூன்று மாதம் கழித்து வா என்று சீட்டு கொடுத்து அனுப்புகிறோம். அந்த மூன்று மாதத்தை எப்படிக் கழிப்பது என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எங்கள் தப்பு என்றே இப்போது நினைக்கிறேன்.

இடுப்பு வலிக்கு எங்கள் வார்டில் ஒரு கணக்கு சொல்வோம். புதிதாக வந்த வலி இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது, படுத்தாலும் குறையவில்லை என்றால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டு. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ அன்றைக்கே போ. மற்றபடி தண்ணீர்க் குடம் தூக்கினாலும் இடுப்பு வலிக்கும்.

வருடம் ஒருமுறை மார்பகத்தைப் படமெடுக்கும் மேமோகிராம், முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதனை. தொந்தரவு எதுவும் இல்லாதபோது மனத்திருப்திக்காக உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பணம் போவது ஒரு பக்கம், ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு சின்னப் புள்ளிக்கும் பயந்து சாக வேண்டும்.

எனக்குக் கவலை அந்தக் கைதான். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கையில் நீர் தேங்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்படுத்தலாம், விட்டால் தடித்துவிடும். பிசியோதெரபி பிரிவில் காட்டு. அழுத்த உறை அளவெடுத்துத் தருவார்கள், கைப் பயிற்சி சொல்லித்தருவார்கள். அந்தக் கையில் ஊசி, பிபி பார்ப்பது தவிர்க்கச் சொல். காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டால் உடனே கழுவி மருந்து போடு.

நொய்யல்
பிப்ரவரி 10, இரவு 9.15

சகோதரி, நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மனைவிக்கு சினைப்பையில். மூன்று வருடம் ஆகிறது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் குறட்டை விடுகிறார் என்பதை வைத்து நிம்மதியாக இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். என் மனைவி புரண்டு படுத்தாலே எனக்கு விழிப்பு வந்துவிடும், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அவள் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அழுவாள். நான் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். இப்படி ஐந்து மாதம் ஓட்டினோம். இன்றைக்கு நினைத்தால் அந்த ஐந்து மாதம் எங்களுக்கு நாங்களே செய்துகொண்ட கொடுமை.

ஆம்பளைகளுக்கு இதில் பேச ஆள் கிடையாது. எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடை. கீமோ ஏறும் ஐந்து மணி நேரமும் கணவன்மார்கள், அண்ணன்மார்கள், அப்பாக்கள் எல்லாம் அங்கேதான் நிற்போம். ரத்தத் தட்டணு குறைந்தால் எங்கே டோனர் கிடைப்பார், எந்தக் கடையில் அந்த ஊசி விலை குறைவு, மலச்சிக்கலுக்கு என்ன கொடுத்தீர்கள், எல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தலையணையில் கொத்தாகக் கிடந்த முடியை அவள் பார்ப்பதற்குள் கூட்டி எடுத்துவிடு என்று சொன்னவர் கரூர்க்காரர் ஒருவர். அவர் மனைவி பிழைக்கவில்லை. இன்றும் மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து என் மனைவியை விசாரிக்கிறார்.

சிகிச்சையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், 101. மழையில் வந்த காய்ச்சல் என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று விட்டேன். விடியும்போது நடுக்கம், பேச்சுக் குளறல். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. நான்கு நாள் ஐசியு. யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லை. கீமோ எடுப்பவருக்கு 100.4 தொட்டாலே அர்த்த ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், கை வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாது.

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 10, இரவு 9.48

தம்பி சொன்னதை எல்லோரும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த வாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கூட்டம் எதற்கும் போகாமல் இருப்பது நல்லது. டாக்டரைக் கேட்காமல் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

வடமராட்சி
பிப்ரவரி 11, மாலை 6.20

அக்கா, பக்கத்துக் கட்டில் என்று ஊசிக்காரம்மா எழுதியதைப் படித்ததும் என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அம்மாவுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகமவுக்குத்தான் போக வேண்டும். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு வாந்தி வந்தால் அவர் எழும்பி முதுகைத் தடவுவார். அவர் அழுதால் அம்மா போய்க் காலடியில் இருப்பா. ஆறு கிழமை இப்படி. சித்திரைப் புத்தாண்டு இரண்டு பேருக்கும் ஒரே நாள்தானே, இன்றைக்கும் அன்று காலமை தொலைபேசி வரும். "சுகமா?" என்று அவர் தமிழில் கேட்பார், "ஹொந்தய்", நல்லம் என்று அம்மா சிங்களத்தில் சொல்லுவா. அதற்கு மேலே இரண்டு பேருக்கும் கதைக்கத் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டார்கள்.

2011ல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்து யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் புற்றுநோய்ப் பிரிவைக் கட்டினார்கள். தீவின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு நடை. அவர்கள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது அம்மா ஒழுங்கையில் நின்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தா.

ஊரில் நடந்தது வேறு. அம்மா திரும்பி வந்ததும் ஒரு வீட்டில் அவவுக்குத் தனிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். தொற்றும் என்று பயம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நெடுநேரம் கிணற்றடியில் நின்றா.

தாமிரபரணிக்கரை
பிப்ரவரி 12, பிற்பகல் 2.05

வடமராட்சி, அந்தத் தனிக் கோப்பை இங்கேயும் உண்டு. எனக்கு வந்தது வேறு விதம். என் மகளுக்கு 21 வயது. "வெளியே சொல்லாதே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று என் அம்மாவே சொன்னாள். அதனால் தெருவில் பாதிப் பேருக்கு எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் தெரியும். மொட்டைக்குத் திருச்செந்தூர் வேண்டுதல் என்று சொன்னோம். முருகன் பேரில் பொய் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

நொய்யல் அண்ணா, நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேதான் இருந்தார். "எனக்குத் தெரியும், நீ தைலம் தேய்க்கிற வாசனை வருது" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம்.

ஆறு வருடம்
பிப்ரவரி 12, இரவு 10.30

அக்கா, உங்கள் மகள் விஷயம் படித்தேன். எனக்கு 21 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய் வந்தது, இப்போது 27. கல்யாணப் பேச்சு எடுத்தபோது எங்கள் வீட்டிலும் மறைக்கத்தான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் சந்திப்பிலேயே சொன்னேன். இரண்டு வீட்டில் மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த பெண் "செக்கப்புக்கு எப்பப்பப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள். போன ஆவணியில் கல்யாணம் ஆனது. வருடாந்திரப் பரிசோதனைக்கு அவளும் வருகிறாள்.

இளம் வயதில் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீமோ தொடங்கும் முன்பே பிள்ளை பெறுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆண்கள் விந்தைச் சேமித்து வைக்கலாம், பெண்கள் கருமுட்டையைச் சேமிக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. வார்டில் இருந்த ஓர் அண்ணன்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா பக்கத்தில் நிற்க அந்தப் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு வரவில்லை. அந்த அண்ணனே போய் டாக்டரிடம் எனக்காகப் பேசினார்.

உறையூர் மகள்
பிப்ரவரி 14, காலை 11.10

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பாவுக்கு 71 வயது. உணவுக்குழாயில். முற்றிய நிலை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் "புண், ஆறிவிடும்" என்று சொல்லிவைத்திருக்கிறோம். அண்ணன் சொல்லவே கூடாது என்கிறான். எனக்கு அப்பாவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சொல்லலாமா?

நொய்யல்
பிப்ரவரி 14, பிற்பகல் 1.00

சொல்லாதீர்கள் அம்மா. என் தாய்மாமாவுக்குச் சொன்னார்கள். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாட்டை நிறுத்தினார். மூன்றே வாரம். நோய் கொன்றதா, சொன்னது கொன்றதா என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை.

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 14, மாலை 4.35

நொய்யல் தம்பி, உங்கள் மாமாவுக்கு யார் சொன்னது? எங்கே வைத்து? எத்தனை நிமிடம்?

நொய்யல்
பிப்ரவரி 14, மாலை 5.02

ஒரு டாக்டர். நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போது. ரெண்டு நிமிடம் இருக்கும். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 14, மாலை 6.15

அதைத்தான் கேட்டேன். உங்கள் மாமா கேட்ட விதம் அது. அப்படிச் சொன்னால் யாராக இருந்தாலும் சுவர்ப்பக்கம்தான் திரும்புவார்கள்.

மகளே, அப்பாவிடம் போய் "உங்களுக்குப் புற்றுநோய்" என்று அறிவிக்க வேண்டியதில்லை. "உடம்பைப் பற்றி உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். அவர் "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீங்க பாத்துக்கோங்க" என்றால் அது அவர் விருப்பம், மதித்துவிடு. அவர் மேலே கேட்டால், கேட்ட அளவுக்குச் சொல். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே தெரிந்துதான் இருந்தது. வார்டு வாசலில் பலகை இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் பேசுகிறார். கரண்ட் வைக்கிறார்கள் என்றால் எதற்கு வைக்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

வலி எப்படி இருக்கிறது? தூங்குகிறாரா?

உறையூர் மகள்
பிப்ரவரி 14, இரவு 8.20

தூக்கமே இல்லை அம்மா. ராத்திரி முனகல். வலிக்கு மார்ஃபின் எழுதிக்கொடுத்தார்கள், அண்ணன் வாங்கவில்லை. அடிமையாகிவிடுவார், அதைக் கொடுத்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம் என்கிறான்.

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 14, இரவு 8.55

அண்ணனை நாளைக்கே வாங்கச் சொல். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது போதைப் பழக்கம் பற்றிப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். என் வேலையின் முதல் பாதியில் மார்ஃபின் கிடைக்காமல் கத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் அவ்வளவு உரிமம், அவ்வளவு கெடுபிடி. ஆஸ்பத்திரிகள் வாங்கி வைக்கவே பயந்தன. 2014ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் 1993லேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரண சங்கம் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். நம் பக்கம் 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், அதில் வலி நிவாரணமும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடு.

மூலிகைத்தோட்டம்
பிப்ரவரி 15, காலை 7.30

தவறாக நினைக்க வேண்டாம். முள் சீத்தா இலைக் கஷாயம் கீமோவை விடப் பல மடங்கு பலம் என்று எனக்கு வந்த செய்தியை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். பக்க விளைவு இல்லை.

ஊசிக்காரம்மா
பிப்ரவரி 15, காலை 8.10

நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், தெரிகிறது. அந்தச் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்த செல்லின் மேல் சாற்றை ஊற்றிப் பார்த்ததுதான் அதற்கு ஆதாரம். தட்டில் செல் சாவதும் மனிதர் குணமாவதும் ஒன்றல்ல. பக்க விளைவு இல்லை என்பதும் சரியல்ல. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் இந்தப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்க நோய் கூடுதலாக இருந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கீமோவே கைகால் நரம்பை மரத்துப்போக வைக்கும். அதன் மேல் இதுவுமா?

இரண்டு கீமோவோடு நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்குப் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்களைத் தூக்கி உட்கார வைத்த கை இது. யார் என்ன கொடுத்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

மூலிகைத்தோட்டம்
பிப்ரவரி 15, காலை 9.00

சரிங்க அம்மா. என் அக்கா இறந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். அதிலிருந்து எது வந்தாலும் யாருக்காவது உதவட்டும் என்று அனுப்பிவிடுகிறேன். யாருக்கெல்லாம் அனுப்பினேனோ அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணிக்கரை
பிப்ரவரி 15, காலை 11.45

மூலிகைத்தோட்டம், உங்கள் அக்காவைப் பற்றி எழுதுங்கள். கேட்கிறோம்.

உறையூர் மகளுக்குச் செலவு பற்றிக் கொஞ்சம். அப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். எங்களுக்கு வருமானச் சான்று வருவதற்கே பதினொரு நாள் இழுத்தது. அதனால் சதையெடுத்துப் பார்க்கும் பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும்போதே அலையத் தொடங்கிவிடுங்கள்.

ரயிலுக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கும் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, முன்பதிவு கவுண்டரில் காட்ட வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் குறைவு. ஆறாவது கீமோ வரைக்கும் எங்களுக்கு இது தெரியாது. நெல்லை எக்ஸ்பிரஸில் முழுப்பணம் கொடுத்துத்தான் போய்வந்தோம். ஒரு நாள் எதிர் பெர்த்தில் இருந்த பெரியவர்தான் என் தலைத்துணியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். சம்பளக்காரர்களாக இருந்தால் வருமான வரியில் பழைய வரி முறைப்படி இந்தச் சிகிச்சைச் செலவுக்கு இருக்கும் கழிவையும் கேட்டுப் பாருங்கள், 60 வயதுக்கு மேற்பட்டவருக்குச் செலவில் ஒரு லட்சம் வரை கழிக்கலாம்.

உறையூர் மகள்
பிப்ரவரி 23, இரவு 11.20

ஊசிக்காரம்மா சொன்ன மாதிரியே கேட்டேன். முந்தாநாள் சாயங்காலம், திண்ணையில். "உடம்பைப் பத்தி உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்றேன். அப்பா ரொம்ப நேரம் தெருவையே பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. வங்கிக் கணக்கு எண், எல்ஐசி பாலிசி, லால்குடி நிலத்தின் பத்திரம் யாரிடம் இருக்கிறது, பால்காரருக்குப் பாக்கி எவ்வளவு, எல்லாம் அவர் கையெழுத்தில். தேதி போட்டிருந்தார். டிசம்பர் 3. எங்களுக்கு பயாப்சி முடிவு சொன்னதே டிசம்பர் 5.

"உங்கம்மா தாங்க மாட்டா, உங்க அண்ணனும் தாங்க மாட்டான்னுதான் பேசாம இருந்தேன்" என்றார். இரண்டரை மாதமாக நாங்கள் அவரிடம் மறைத்தோம், அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார். அண்ணன் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பாதான் அவனைத் தேற்றினார்.

மார்ஃபின் நான்கு நாளாகக் கொடுக்கிறோம். நேற்று ஆறு மணி நேரம் தூங்கினார். இன்று காலையில் அரைக் கிண்ணம் ரவைக் கஞ்சி உள்ளே போனது. காபி வேண்டும் என்று கேட்டார், ஆறவைத்து ஸ்பூனில் கொடுத்தேன்.

நொய்யல்
பிப்ரவரி 24, காலை 6.05

நான் சொன்னது தப்பு அம்மா. நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. என் மாமா வீட்டுக்கு இன்றைக்கே போன் செய்யப் போகிறேன்.

தாமிரபரணிக்கரை
மார்ச் 11, இரவு 8.40

செக்கப் முடிந்தது. மறுபடி வந்த மாதிரி எதுவும் இல்லை. இடுப்பு வலி தானாகவே பத்து நாளில் போய்விட்டது. கைக்கு உறை கொடுத்திருக்கிறார்கள், வெயிலுக்கு எரிச்சல்தான், ஆனாலும் சாயங்காலக் கனம் குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், கர்ப்பப்பை இல்லை, மார்பு என்று. "எனக்கு முதல்லயே தெரியும்டி, அதுக்குத்தான கஞ்சி கொடுத்து விட்டேன்" என்றார்.

செக்கப்புக்குப் போன அன்று டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆனது. கால் தானாகக் கீமோ வார்டுப் பக்கம் போய்விட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது என்று முன்பு எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை முப்பது வருடம் மனசில் வைத்திருந்து 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியது அது. அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021ல் சாகும் வரை அங்கேயேதான் இருந்தார். நான் அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஆளில்லை. வாசல் பெஞ்சில் விளாத்திகுளத்துப் பெண் ஒருத்தி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தலையைக் காட்டினேன். சுருட்டையாக இரண்டு விரல் முடி வளர்ந்திருக்கிறது, முன்பு நேராக இருந்த முடி. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். குனிந்து காட்டினேன்.

புதியவள்
மார்ச் 15, இரவு 1.25

அக்கா, எனக்கு 38 வயது. வரும் புதன்கிழமை முதல் கீமோ. அதே சிவப்பு மருந்து. முழு இழையையும் இரண்டு முறை படித்தேன். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

தாமிரபரணிக்கரை
மார்ச் 15, காலை 5.50

தெர்மாமீட்டர் வாங்கிவிட்டாயா? முதலில் அது.

முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி அல்லது சட்டை போட்டுக்கொள். ஏசி குளிரும், ஒரு சால்வையும் காலுறையும் வேண்டும். முந்தின நாள் தண்ணீர் நிறையக் குடி, நரம்பு சுலபமாகக் கிடைக்கும். மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளாதே, உடனே சிஸ்டரைக் கூப்பிடு. சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். வாயில் அடக்கிக்கொள்ள எலுமிச்சை மிட்டாய் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரில் வாய் கொப்பளிக்கத் தொடங்கிவிடு, புண் வரும் வரை காத்திராதே.

அப்புறம், அன்றைக்கு உனக்கு ரொம்பப் பிடித்ததைச் சாப்பிடாதே. நான் ஆசையாகப் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். இன்றுவரை அந்த வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கூட யார் வருகிறார்கள்? எத்தனை மணிக்கு?

புதியவள்
மார்ச் 15, காலை 6.02

அண்ணி வருகிறாள். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புளியோதரை எனக்கும் பிடிக்கும் அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். தயிர்சாதம் பரவாயில்லையா?

தாமிரபரணிக்கரை
மார்ச் 15, காலை 6.04

தயிர்சாதம் சரி. வீட்டுத் தயிர், அன்று காலை பிசைந்தது. எட்டு மணிக்கு போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.